மெனோரா இறக்கத்தில் ஒரு சோதனை ஓட்டம்

"மெனோரா சுரங்கப்பாதைக்கு அருகே கனரக வாகனம் ஒன்று பழுதடைந்துள்ளது. இடதுபுறத் தடத்தைத் தவிர்க்கவும்."

காலை வானொலி நிகழ்ச்சியில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. வாசித்ததும் ஒரு பாடலைப் போட்டுவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்துக்கொள்வேன். அண்மையில் அதே இறக்கத்தில் ஒரு பழைய விரைவு பஸ்ஸில் இறங்கி வந்தேன். ஓட்டியவர் என் தாய்மாமா. பின்னால் 44 காலி இருக்கைகள்.

மாமா தஞ்சோங் ரம்புத்தான்காரர். முதலில் தொழிற்சாலை பஸ், பிறகு விரைவு பஸ் என்று முப்பது ஆண்டுகள் ஓட்டியவர். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. "அடுத்தவன் பஸ்ஸை ஓட்டினது போதும்மா" என்றார். தைப்பூசம், பள்ளிச் சுற்றுலா, கல்யாணம் என்று நம் மக்களுக்கு ஆண்டு முழுவதும் பஸ் தேவைப்படுகிறது. சொந்தமாக ஒன்று வாங்கினால் கடைசிக் காலத்துக்கு வழி கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அத்தைக்கு அதில் பாதிச் சம்மதம்தான். "நீ மைக்குல பேசுற பொண்ணு. விலை பேச வா" என்று என்னையும் அழைத்துக்கொண்டார்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு பஸ் பட்டறை. புதுச் சாயம் பூசிய பஸ் பளபளவென்று நின்றது. நான் மயங்கிவிட்டேன். மாமா நேராகப் பின்பக்கம் போய் என்ஜின் கதவைத் திறந்து, உள்ளே கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

"நாளைக்குக் காலையில வர்றோம் தம்பி. நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். சூடான என்ஜின் நல்ல பிள்ளை மாதிரி நடிக்குமாம். இரவு முழுவதும் ஆறிய என்ஜின் எத்தனை சுற்றில் உயிர் பெறுகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியுமாம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நீண்ட நேரம் நின்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது.

மறுநாள் என்ஜின் அந்தத் தேர்வில் தேறியது. அடுத்தது காற்று. பெரிய பஸ்ஸின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. மாமா ஊசி நிரம்பும்வரை காற்று ஏற்றினார். என்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தார். ஊசி இறங்குகிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு, எங்காவது 'உஸ்' சத்தம் கேட்கிறதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டார். பிறகு பிரேக்கை விட்டுவிட்டு மிதித்துக் காற்றைக் குறைத்தார். எச்சரிக்கை ஒலி ஒழுங்காக அடித்தது.

டயர்களுக்குப் போனார். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 3216 என்றால் 2016ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். காடி ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிடும் என்றார். சாமான் வைக்கும் அறைக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்துச் சட்டத்தில் துரு இருக்கிறதா என்று தேடினார். சாயம் அங்கே எட்டியிருக்கவில்லை.

விற்பவர் பொறுமை இழந்தார். பரிசோதனைச் சான்றிதழை நீட்டினார். வணிகப் பேருந்துகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். "பாஸ் ஆன வண்டி அண்ணே. டவுனைச் சுத்தி ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, போதும்."

"டவுன்ல ஓட்ட எனக்கு இந்த பஸ் வேணாம் தம்பி. மெனோரா போய்ட்டு வரலாம். டோல் காசு என்னோடது."

பரிசோதனைக் கூடத்தில் பிரேக்கை உருளைகளின் மேல் நிறுத்திச் சோதிக்கிறார்கள். சில நிமிட வேலை. அங்கே மலை கிடையாது. மாமாவின் கணக்கு அதுதான்.

ஈப்போவாசிகளுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் அடிவாரத்தில்தான் முன்பு ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காமல் வந்த கனரக வாகனங்கள் அங்கே எத்தனையோ விபத்துகளை உண்டாக்கின. கடைசியில் 2008இல் அந்தச் சாவடியையே மூடிவிட்டார்கள்.

விற்பவரும் எங்களோடு ஏறிக்கொண்டார். ஏற்றத்தில் பஸ் நன்றாகவே இழுத்தது. கோலகங்சாரில் வெளியேறித் திரும்பினோம். சுரங்கப்பாதையைத் தாண்டியதும் மாமா பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ரிட்டார்டர் நெம்புகோலை இழுத்தார். பிரேக் கட்டையைத் தேய்க்காமல் பஸ்ஸின் வேகத்தைக் கட்டும் கருவி அது. நீண்ட இறக்கத்தில் ஓட்டுநர் முதலில் நம்ப வேண்டியது அதைத்தான்.

பஸ் கட்டுப்பட்டது. நான் மூச்சு விட்டேன். மாமா என்னிடம், "சூட்டு ஊசியைப் பார்" என்றார். ஏறிக்கொண்டே போனது. இறக்கத்தில் என்ஜினுக்கு வேலையே இல்லையே, ஏன் சூடு? ஆயிலில் இயங்கும் ரிட்டார்டர் தான் உண்டாக்கும் சூட்டை என்ஜினின் தண்ணீரில்தான் கொட்டும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் தண்ணீர் ஆறாது. சூடு எல்லை மீறினால் ரிட்டார்டர் தன் பிடியைத் தளர்த்திக்கொள்ளும். அப்படியே நடந்தது. விளக்கு எரிந்தது, பஸ் முன்னால் தள்ளியது. மாமா பதறாமல் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து இறக்கினார்.

ஈப்போ உத்தாரா டோலைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பார்த்தார். மூன்று இடங்களில் அனல். பின் இடது சக்கரத்தில் சூடே இல்லை. அந்தச் சக்கரத்தின் பிரேக் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

"சென்சர் பிரச்சினைதான் அண்ணே. விலையில குறைச்சுக்கலாம்" என்றார் விற்பவர். நான் பேரம் பேச வாயைத் திறந்தேன். மாமா கையமர்த்தினார்.

"இப்ப காலியா வந்தோம். 44 பேர் ஏறினா, ஆளுக்கு 65 கிலோன்னாலும் மூணு டன் கிட்ட கூடும். தைப்பூசம் முடிஞ்சு எல்லாரும் தூங்கிக்கிட்டு வருவாங்க தம்பி."

முன்பணம் கொடுக்காமல் திரும்பினோம். வழியில் கிரிக்கைப் பற்றிப் பேசினோம். 2025 ஜூன் 9ஆம் தேதி, ஜெர்த்தேவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கு வந்துகொண்டிருந்த உப்சி பல்கலைக்கழக மாணவர்களின் பஸ் அங்கே கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனம் தன் உரிமத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது பிறகு தெரியவந்து, உரிமம் ரத்தானது. பஸ்ஸை வாங்கினால் உரிமம் கூடவே வராது. அதைத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்திடம் முறையாகப் பெற வேண்டும். வாங்க நினைக்கும் பஸ்ஸின் வயதுக்கு உரிமம் கிடைக்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

மாமா இன்னும் பஸ் தேடிக்கொண்டிருக்கிறார். அத்தைக்கு இப்போது முழுச் சம்மதம். "வேணாம்னு சொல்லத் தெரிஞ்ச மனுஷன், நல்லதாத்தான் வாங்குவாரு" என்கிறார்.

வாசகர்களில் பஸ் வாங்கப்போகிறவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் நிறைய பேர். அடுத்த முறை கோயில் பயணத்துக்கு பஸ் பேசும்போது, குளிர்சாதனம் இருக்கிறதா, கரோக்கே இருக்கிறதா என்று கேட்பதோடு, ரிட்டார்டர் வேலை செய்கிறதா, கடைசியாக எப்போது பிரேக் பார்த்தீர்கள், இருக்கைவார் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், வேறு பஸ் பாருங்கள்.

மெனோரா அறிவிப்பை நான் இப்போதும் வாசிக்கிறேன். ஆனால் வாசித்ததும் உடனே தேநீரை எடுப்பதில்லை.