கீபோர்டு, மவுஸ் மேட்சிங்கா வாங்கப் போறீங்களா? கலர் பார்க்கும் முன்னாடி இதைப் பாருங்க!

இளம்பிள்ளைக்குச் சேலை எடுக்கப் போனால், சேலை எடுக்கும் நேரத்தைவிட அதுக்கு மேட்சிங் ப்ளவுஸ் தேடும் நேரம்தான் அதிகம். இப்போ அந்தத் தேடல் கம்ப்யூட்டர் மேசைக்கும் வந்துடுச்சு. ரீல்ஸைத் திறந்தால் வெள்ளை கீபோர்டு, வெள்ளை மவுஸ், கீழே இளம்பச்சை விரிப்பு, ஓரத்தில் ஒரு சின்னச் செடி. பார்த்தவுடனே நம்ம மேசையையும் இப்படி மாத்தணும்னு தோணும்.

தப்பே இல்லை. நாள் முழுக்க உட்காரும் இடம் அழகா இருக்கணும்னு ஆசைப்படுறதில் என்ன தப்பு? ஆனால் ப்ளவுஸ் மேட்ச் ஆகலைன்னா பார்க்கத்தான் நல்லா இருக்காது. கீபோர்டும் மவுஸும் உங்க வேலைக்கு மேட்ச் ஆகலைன்னா கை வலிக்கும், வேலை தாமதமாகும், கொடுத்த காசும் வீண். அதனால் நிறத்தைக் கடைசியில் வச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

லேப்டாப் இருக்கே, தனியா கீபோர்டு எதுக்கு?

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. இப்படி முதல் லேப்டாப் வரும் வீடுகளில் அடுத்து வரும் கேள்வி இதுதான்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கு. கைக்கு வசதியான உயரத்தில் வச்சால் கழுத்து குனியும். கண்ணுக்கு நேராக உயர்த்தி வச்சால் கை தூக்கியே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்ப்பவர்கள், லேப்டாப்பை ஸ்டாண்டிலோ நாலு தடிமனான புத்தகத்தின் மேலோ வச்சுட்டு, தனி கீபோர்டும் மவுஸும் பயன்படுத்துவதுதான் நல்லது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே இருக்கணும். முழங்கை ஏறத்தாழ 90 டிகிரியில் மடங்கி இருக்கணும்.

முதலில் மேசையை அளங்க

படத்தில் பார்க்கும் மேசை 4 அடி, 5 அடி அகலம் இருக்கும். நம்ம வீட்டுப் படிப்பு மேசை பல நேரம் 2 அடிதான், அதாவது 61 செ.மீ.

எண் பலகையோடு வரும் முழு கீபோர்டு ஏறத்தாழ 44 செ.மீ. நீளம். மவுஸ் நகர 20 செ.மீ.யாவது வேணும். கூட்டினால் 64 செ.மீ. 2 அடி மேசையில் மவுஸ் விளிம்பிலிருந்து கீழே விழும்! எண் பலகை இல்லாத, 87 பட்டன் கொண்ட கீபோர்டு ஏறத்தாழ 36 செ.மீ.தான். மவுஸோடு சேர்த்தால் 56 செ.மீ., தாராளமா அடங்கும். மவுஸும் உடம்புக்குப் பக்கத்தில் வரும் என்பதால் தோள்பட்டைக்கும் நிம்மதி.

அப்போ எல்லாரும் சின்ன கீபோர்டு வாங்கிடலாமா? கூடாது. நாமக்கல் லாரி ஆபீஸில் பில் போடுறவங்க, முட்டைக் கணக்கு எழுதுறவங்க, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் டாலி பார்க்குறவங்க, இவங்களுக்கெல்லாம் வலதுபக்க எண் பலகைதான் உயிர். அழகுக்காக அதை விட்டுட்டால், மேல் வரிசை எண்களைத் தேடித் தேடி அடிக்கணும். இடம் குறைவு, எண்ணும் வேணும் என்பவர்கள் சின்ன கீபோர்டோடு தனி எண் பலகை ஒன்றை வாங்கி, தேவைப்படும்போது மட்டும் எடுத்து வச்சுக்கலாம்.

'காம்போ' வாங்கலாமா? தனித்தனியா வாங்கலாமா?

கீபோர்டும் மவுஸும் ஒரே பெட்டியில், ஒரே நிறத்தில் வருவதைத்தான் கடைகளில் 'காம்போ' என்கிறார்கள். மேட்சிங் தேடுறவங்களுக்கு இதுதான் சுலபம், தனித்தனியா வாங்குறதைவிட விலையும் பொதுவா குறைவு.

வயர்லெஸ் காம்போ பெரும்பாலானவற்றில் இரண்டுக்கும் சேர்த்து நகக்கண் அளவில் ஒரே ஒரு ரிசீவர் வரும். அதைத் தொலைச்சால் ஒரே நேரத்தில் கீபோர்டும் மவுஸும் போச்சு. விலை குறைந்த காம்போ பலவற்றுக்கு ரிசீவர் மட்டும் தனியா கிடைக்காது. வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைக் கேளுங்க. பயன்படுத்தாதபோது ரிசீவரை வைக்க மவுஸின் அடியில் அல்லது பேட்டரி மூடிக்குள் இடம் இருக்கான்னும் பாருங்க.

தனித்தனி மாடல்களைச் சேர்த்து மேட்ச் பண்ணணும்னா, ரிசீவர் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். உதாரணமா, லாஜிடெக்கின் 'யூனிஃபையிங்' ரிசீவர் ஒன்றில் 6 சாதனங்கள் வரை இணைக்கலாம். பிறகு வந்த 'லாஜி போல்ட்' ரிசீவரிலும் 6 வரை இணைக்கலாம். ஆனால் போல்ட் மவுஸை யூனிஃபையிங் ரிசீவரோடு சேர்க்க முடியாது. நிறுவனம் ஒன்று, நிறமும் ஒன்று, இருந்தாலும் இரண்டு யூஎஸ்பி போர்ட் வேணும். லேப்டாப்பில் இருப்பதே இரண்டு மூன்றுதான்.

இன்னொரு விஷயம். ரிசீவர் செருகிய இடத்துக்குப் பக்கத்திலேயே யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கையும் செருகினால், சில நேரம் மவுஸ் விட்டு விட்டு ஓடும். அந்த வேகமான போர்ட் உண்டாக்கும் மின் இரைச்சல், ரிசீவர் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுவதுதான் காரணம். மவுஸ் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. ரிசீவரை எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாத்திப் பாருங்க.

தமிழ் டைப் பண்றவங்க கவனத்துக்கு

தமிழ் அடிக்கத் தனி கீபோர்டு வாங்க வேண்டியதில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவான 'தமிழ் 99' முறை, சாதாரண ஆங்கில கீபோர்டிலேயே வேலை செய்யும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் முடிச்சவங்களுக்குப் பழைய தட்டச்சு முறையும் மென்பொருளில் கிடைக்குது. பட்டன் மேல் எழுத்து தெரியணும்னா ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். கறுப்பு பட்டனுக்கு வெள்ளை எழுத்து ஸ்டிக்கர், வெள்ளை பட்டனுக்குக் கறுப்பு எழுத்துன்னு பார்த்து வாங்குங்க, அங்கேயும் மேட்சிங் வந்துடும்.

ஆனால் பட்டன் வடிவம் முக்கியம். தமிழ் 99-ல் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ச, ஞ, ந, ய, ழ இந்த அஞ்சும் ஆங்கிலத்தில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு மாதிரியான குறிகள் இருக்கும் வலது ஓரப் பட்டன்களில் வரும். ஆங்கிலத்தில் எப்போதாவது தொடும் இடம், தமிழில் வரிக்கு வரி சுண்டுவிரல் போகும் இடம். மிகச் சின்ன கீபோர்டு சிலவற்றில் இந்தப் பட்டன்கள் இடம் மாறியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இதை எழுதுறவரின் சொந்த அனுபவம்: பழைய டைப்ரைட்டர் மாதிரி வட்டப் பட்டன், இளஞ்சிவப்பு நிறம், அதே நிறத்தில் மவுஸ் எனப் படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கியாச்சு. வட்டப் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். விரல் ஓரத்தில் பட்டால் எழுத்து விழலை. 'செய்தி' என்று அடித்தால் 'எய்தி' என்று வந்தது. செய்தித் தளத்தில் வேலை பார்த்துக்கிட்டு இது தேவையா? இப்போ அந்த இளஞ்சிவப்பு கீபோர்டு மேசையில் அழகா இருக்கு. டைப் அடிக்கிறது பழைய கறுப்பு கீபோர்டில்தான்.

அழகு பார்க்காமல் உழைப்பை மட்டும் பார்க்குறவங்களுக்கு உதாரணம், டிடிபி சென்டர்களில் நாம பார்த்திருக்கும் டிவிஎஸ் கோல்டு. பெரிய உருவம், கறுப்பு நிறம், 'டக் டக்' சத்தம். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் தனி ஸ்விட்ச் இருக்கும் மெக்கானிக்கல் வகை என்பதால்தான் அடி தாங்குது.

வெள்ளை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நம்ம ஊர் வெயிலையும் புழுதியையும் நினைச்சுக்கிட்டு வாங்கணும். விலை குறைந்த கீபோர்டுகளின் பட்டன்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். வெள்ளை ஏபிஎஸ், ஜன்னல் வெயில் தொடர்ந்து பட்டால் நாளடைவில் மஞ்சளாகும். விரல் படப்பட, எந்த நிறமா இருந்தாலும் எண்ணெய் தடவினது போலப் பளபளக்கும். மவுஸ் ஒரு மாதிரியும் கீபோர்டு ஒரு மாதிரியும் மஞ்சளானால் மேட்சிங் அதோடு முடிஞ்சுது. பிபிடி வகை பட்டன் இதை அதிகம் தாங்கும், விலை கூடுதல். ஜன்னலோர மேசை என்றால் சாம்பல், கரும்பச்சை, கருநீலம் போன்ற நிறங்கள் பாதுகாப்பு. வாரம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, பிழிந்த துணியால் துடைச்சால் போதும். தண்ணீரை நேரடியாகத் தெளிக்காதீங்க.

சரி, இப்போ நிறத்துக்கு வருவோம்

சுலபமான வழி இதுதான். கீழே விரிப்புக்கு ஒரு நிறம், கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சேர்த்து இன்னொரு நிறம், இவற்றோடு சேர ஒரே ஒரு சின்னப் பொருளில் மூன்றாவது நிறம். அதுக்கு மேல் போனால் மேசை திருவிழாக் கடை மாதிரி ஆகிடும். கீபோர்டும் மவுஸும் வேற வேற நிறுவனமா இருந்தாலும், இரண்டும் பளபளப்பில்லாத ஒரே வகை மேற்பரப்பா இருந்தால் ஒரே செட் போலத் தெரியும்.

விரிப்புக்கு ஆன்லைனில்தான் தேடணும்னு இல்லை. குமாரபாளையத்தில் பாலம் தாண்டினால் பவானி. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தில் ஒரு சின்னத் துண்டு மேசைக்கு அப்படிப் பொருந்தும். அதன் பட்டைகளில் இருக்கும் ஒரு நிறத்தில் கீபோர்டு எடுத்தால் மேட்சிங் முடிந்தது. ஆனால் மவுஸுக்கு மட்டும் மேலே ஒரு சின்ன மவுஸ் பேடு வையுங்க. கரடுமுரடான நெசவிலும் அழுத்தமான கோடுகளிலும் மவுஸின் சென்சார் தடுமாறலாம். கண்ணாடி போட்ட மேசையிலும் இதே பிரச்சினைதான்.

பணம் கொடுக்கும் முன் கடைசியா ஒரு பார்வை

வயர்லெஸ் கீபோர்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். 2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணையிலேயே அது இருக்கு. பெட்டியில் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்க. விற்றவர் பொறுப்பேற்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

முடிஞ்சவரை கடைக்கு நேரில் போய் வாங்குங்க. போகும்போது மேசை அளவை ஃபோனில் குறிச்சுக்கோங்க, விரிப்பின் படம் ஒண்ணும் எடுத்துக்கோங்க. அங்கே டெமோ கீபோர்டில் உங்க பெயரையும் முகவரியையும் ஒருமுறை முழுசா அடிச்சுப் பாருங்க. தப்பில்லாமல் வந்தால், அதுக்கப்புறம் தைரியமா கேளுங்க: "அண்ணா, இதுல வேற என்ன கலர் இருக்கு?"