எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொள்வது எப்படி?

காங்கிரீட் தூணுக்குப் பூச்சு பூசும் முன் கொத்தனார் என்ன செய்கிறார்? உளியை வைத்துத் தூணை அங்கங்கே கொத்திவிடுகிறார். பிறகு தண்ணீர் தெளித்துப் பூசுகிறார். வழவழப்பான தூணில் பூச்சு நிற்காது. சில நாளில் பெயர்ந்து விழும். கொத்திவிட்ட தூணில் பூச்சுக்குப் பிடிப்பு கிடைக்கும்.

எலும்புக்குள் வைக்கும் உலோகத்துக்கும் பிடிப்பு வேண்டும்.

இடுப்பு மூட்டு கெட்டுப்போனவர்களுக்கு உலோக மூட்டு வைக்கிறார்கள். பல் போனவர்களுக்குத் தாடை எலும்பில் உலோகத் திருகை இறக்கி, அதன்மேல் பல் கட்டுகிறார்கள். இப்படி உடம்புக்குள் வைக்கும் பொருளை 'இம்பிளான்ட்' என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

இம்பிளான்ட் எப்படி அசையாமல் நிற்கிறது? முதலில் டாக்டர் அதை எலும்பில் இறுக்கமாகப் பொருத்துகிறார். அது தொடக்கம்தான். பிறகு எலும்பு வளர்ந்து வந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த வேலையை உலோகம் செய்யாது. உயிருள்ள எலும்புதான் செய்யும்.

முயலின் காலில் கண்டது

1952-ஆம் ஆண்டு. சுவீடன் நாட்டில் லுண்ட் என்ற ஊர். அங்கே பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சி செய்தார். எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பினார். ஒரு முயலின் கால் எலும்பில் சிறிய உலோகக் கருவியைப் பொருத்தினார். அது டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆனது.

ஆராய்ச்சி முடிந்தது. கருவியைக் கழற்றப் பார்த்தார். அது வரவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

பிரோனமார்க் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1965-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியத் திருகுகளை வைத்தார். அந்தத் திருகுகள் நோயாளிக்கு 40 ஆண்டுகள் உழைத்தன.

டைட்டானியத்தில் என்ன சிறப்பு? காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மிக மெல்லிய படலம் உண்டாகிறது. இரும்பில் பிடிக்கும் துரு இரும்பைத் தின்றுவிடும். டைட்டானியத்தின் படலமோ அதற்குக் காவலாக நிற்கும். உடம்பின் நீரும் உப்பும் அதை எளிதில் அரிப்பதில்லை. எலும்பும் அதை ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் ஒரு சிரமம் இருந்தது. அந்தக் காலத்துத் திருகுகள் ஓரளவு வழவழப்பானவை. எலும்பு பற்றிக்கொள்ள நாள் பிடித்தது. திருகு வைத்தபின் கீழ்த்தாடைக்கு 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் காத்திருந்தார்கள். அதன் பிறகே பல் கட்டினார்கள்.

சொரசொரப்பு எப்படி உதவுகிறது?

எலும்பில் துளை போட்டால் ரத்தம் கசியும். அந்த ரத்தம் உறையும். உறையும்போது நூல் போன்ற மெல்லிய இழைகள் உண்டாகும். உலோகம் சொரசொரப்பாக இருந்தால் இழைகள் அதில் சிக்கிக்கொள்ளும். எலும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் இந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு உலோகம் வரை வந்துவிடும். பந்தல் கயிற்றைப் பிடித்துக் கொடி ஏறுவது போல. வந்த இடத்திலேயே புது எலும்பை உண்டாக்கும்.

உலோகம் வழவழப்பாக இருந்தால் இழைகள் கழன்றுவிடும். அப்போது எலும்பு தூரத்திலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து வர வேண்டும். அதற்குக் கூடுதல் நாள் ஆகும்.

அதனால் உலோகத்தின் மேற்பரப்பைப் பல வகையில் பக்குவப்படுத்துகிறார்கள்.

ஒன்று: மணல் போன்ற கடினமான துகள்களை வேகமாக உலோகத்தின்மேல் வீசி அடிப்பார்கள். பள்ளங்கள் விழும். பிறகு அமிலத்தில் முக்குவார்கள். பள்ளங்களுக்குள் இன்னும் சிறிய குழிகள் உண்டாகும்.

இந்தச் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்குங்கள். அதில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான் இதன் அளவு. தலைமுடியின் கனம் சுமார் 70 பங்கு இருக்கும். இவ்வளவு சிறிய குழியே எலும்புக்குப் பிடிப்பாகிறது.

இரண்டு: எலும்பில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு பொருள் உள்ளது. ஹைட்ராக்சி அபடைட் என்பது அதன் பெயர். அதே வகைப் பொருளை மிகுந்த சூட்டில் உருக்கி, உலோகத்தின்மேல் பூச்சாகத் தெளிப்பார்கள். இந்தப் பூச்சுள்ள இடுப்பு மூட்டுகள் 1980-களின் நடுவில் வந்தன. எலும்பு இதனோடு எளிதில் ஒட்டும். பூச்சு சரியாக ஒட்டாமல் போனால் உரிந்து வரும் அபாயமும் உண்டு.

மூன்று: உலோகத்தின்மேல் சிறு உலோக மணிகளை ஒட்டவைப்பார்கள். மணிகளுக்கு இடையே கடற்பஞ்சுபோல் துளைகள் இருக்கும். எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பூட்டிக்கொள்ளும்.

இப்படிப் பக்குவம் செய்த பல் திருகுகளில் காத்திருக்கும் காலம் குறைந்தது. நல்ல எலும்பு உள்ளவர்கள் பலருக்கு 6 முதல் 8 வாரத்தில் பல் கட்ட முடிகிறது.

எல்லாம் சொரசொரப்பாக வேண்டுமா?

வேண்டாம். இடுப்பு மூட்டில் ஒரு தண்டும் ஒரு பந்தும் இருக்கும். தண்டு எலும்புக்குள் போகிறது. அதற்குப் பிடிப்பு வேண்டும். பந்து கிண்ணத்துக்குள் சுழல்கிறது. அது சொரசொரப்பாக இருந்தால் கிண்ணம் தேய்ந்துபோகும். அதனால் பந்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார்கள்.

எலும்பு முறிந்தவர்களுக்கு வைக்கும் எவர்சில்வர் பிளேட்டும் ஸ்க்ரூவும் வழவழப்பாகவே இருக்கும். முறிவு கூடும்வரை எலும்பைத் தாங்குவதுதான் அவற்றின் வேலை. தேவைப்பட்டால் பின்னால் கழற்ற வேண்டும். எலும்பு அதிகம் பற்றிக்கொண்டால் கழற்றுவது கடினம்.

சிலருக்கு எலும்புச் சிமெண்ட் என்ற பொருளை வைத்து மூட்டை நிறுத்துகிறார்கள். 1960-களில் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி இந்த முறையைப் பரவச் செய்தார். இன்றும் இது வழக்கத்தில் உள்ளது. சிமெண்ட் சில நிமிடத்தில் இறுகிவிடும். எலும்பு வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அவசரம் ஆகாது

பூச்சு காயும் முன் தூணை ஆட்டினால் என்ன ஆகும்? இங்கும் அப்படித்தான். தொடக்க வாரங்களில் இம்பிளான்ட் மீண்டும் மீண்டும் அசைந்தால் எலும்பு அதைப் பற்றாது. நகத்தின் கனத்தில் பாதிகூட இல்லாத அசைவே போதும். எலும்பு வளர வேண்டிய இடத்தில் மெத்தென்ற நார்ச்சதை வளர்ந்துவிடும். பிறகு இம்பிளான்ட் தளர்ந்துபோகும். மறுபடியும் ஆபரேஷன் செய்ய நேரலாம்.

வலி குறைந்துவிட்டது என்று சிலர் கம்பை வீசிவிடுகிறார்கள். வேலைக்கும் போய்விடுகிறார்கள். வலி இல்லை என்பதால் எலும்பு பற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. வலி முதலில் குறையும். எலும்பு பிறகுதான் பற்றும்.

நினைவில் வைக்க வேண்டியவை

• "எனக்கு வைத்தது எலும்பு வளர்ந்து பிடிக்கும் வகையா, சிமெண்ட் வகையா? எப்போது முழு எடை வைத்து நடக்கலாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குப் பொருந்தாது.

• பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். புகை எலும்புக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். எலும்பு வளர்வது தாமதமாகும்.

• சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள்.

• ஆபரேஷன் செய்த இடத்தில் எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது.

• சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உலோகத்தில் கிருமி குடியேறினால் அதை ஒழிப்பது கடினம்.

• மருத்துவமனையில் தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இம்பிளான்டின் பெயர், அளவு, எண் ஆகியவை அதில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் அது உதவும். மறுபடி வரச் சொன்ன தேதியை நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. இடுப்பு மூட்டில் தண்டு ஏன் சொரசொரப்பாக இருக்கிறது? பந்து ஏன் வழவழப்பாக இருக்கிறது?

2. வலி நின்றவுடன் கம்பை வீசுவது ஏன் தவறு?

3. உங்கள் ஊரில் உலோகம் வைத்துக்கொண்டவர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் மருத்துவமனைச் சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.