மாட்ஸ் முதல் லெக்சிங்டன் வரை: ஒரு வாடகைக் கணக்கு

அமெரிக்காவில் 1980களில் லெஸ்பியன் பார்கள் சுமார் இருநூறு இருந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எரிகா ரோஸ், எலினா ஸ்ட்ரீட் என்ற இரண்டு திரைப்பட இயக்குநர்கள் 2020-இல் தேடிக் கணக்கெடுத்தபோது நாடு முழுக்க இருபத்தைந்துகூடத் தேறவில்லை. இதற்குக் கைவசம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: காலம் மாறிவிட்டது, 2015-இல் திருமண உரிமையும் வந்துவிட்டது, இனி ஒளிந்து கூடவேண்டிய தேவை இல்லை, அதனால் கடைகள் தாமாகவே மூடிக்கொண்டன. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கும் அதே காலம்தான், அதே சட்டம்தான். அவர்களுடைய பார்களும் குறைந்தன என்றாலும், சான் ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதிக்குப் போனால் இன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதே ஊரில் பெண்களின் பார்கள் மட்டும் ஏன் ஏறக்குறையத் துடைத்தெடுத்ததுபோல் போயின? தேவை தீர்ந்ததால் அல்ல, பெண்கள் கையில் காசும் இடமும் என்றைக்குமே குறைவாக இருந்ததால் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1966-இல் ரிக்கி ஸ்ட்ரைக்கர் அந்த ஊரின் கோல் தெருவில் ‘மாட்ஸ்’ என்ற பாரைத் திறந்தார். பெண்களுக்காக ஒரு பெண் நடத்திய கடை. ஆனால் கவுண்டருக்குப் பின்னால் சம்பளத்துக்கு நின்று மது ஊற்றியவர்கள் ஆண்கள். உரிமம் வைத்திருப்பவரோ அவருடைய மனைவியோ தவிர வேறு பெண்கள் யாரும் பாரில் மது கலந்து கொடுக்கக் கூடாது என்பது அன்றைய கலிஃபோர்னியா சட்டம். 1971-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிய பிறகுதான் மாட்ஸின் கவுண்டருக்குப் பின்னால் பெண்களை வேலைக்கு வைக்க முடிந்தது. இது சின்ன விஷயமல்ல. வாடிக்கையாளராகப் பெண் வரலாம், அவள் பணத்தைக் கல்லாவில் போடலாம், அந்தக் கல்லாவிலிருந்து அவளுக்குக் கூலி மட்டும் போகக் கூடாது! வங்கிக் கடனும் அப்படித்தான்: பெண் என்ற காரணத்துக்காகக் கடனை மறுக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டம் 1974-இல்தான் வந்தது. அதற்கு முன்பு கடை தொடங்க நினைத்த பெண்ணிடம் கணவனோ அப்பாவோ கையெழுத்துப் போடட்டும் என்று கேட்பது சர்வசாதாரணம். இத்துடன் போலீஸ் பயமும் சேர்ந்துகொண்டது. தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடமென்று தெரிந்தால் உரிமத்தையே பறிக்க வழிசெய்யும் மாநிலச் சட்டம் 1955-இல் வந்தது. அது நீதிமன்றத்தில் விழ 1959 ஆயிற்று. இடையில், 1956 செப்டம்பரில், அதே ஊரின் ‘கெல்லிஸ் அலமோ கிளப்’ என்ற பாருக்குள் போலீஸ் புகுந்து 36 பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது. எந்த நேரத்தில் உரிமம் போகுமோ என்றிருக்கும் கடையில் யார் துணிந்து முதல் போடுவார்கள்?

இந்த இடத்தில், குடிக்கும் இடத்துக்கு இவ்வளவு வக்காலத்தா என்று நம் வாசகர்கள் பலர் முகம் சுளிக்கக்கூடும். நியாயமான கேள்விதான். சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே டெல் மார்ட்டின், ஃபில்லிஸ் லயன் உள்ளிட்ட எட்டுப் பெண்கள் 1955-இல் ‘டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்’ அமைப்பைத் தொடங்கியதற்கு ஒரு காரணம், பாருக்குப் போகாமல், போலீஸ் வருமோ என்ற பயமில்லாமல் கூடிப் பேசி ஆட ஓர் இடம் வேண்டும் என்பது. அது வளர்ந்தது, பத்திரிகை நடத்தியது. ஆனாலும் பார்களின் வேலையை அதனால் முழுதாகச் செய்ய முடியவில்லை. ஒருவர் வீட்டுக் கூட்டத்துக்குப் போக முதலில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்தால் பெயர் ஒரு பட்டியலில் ஏறும், வேலை போய்விடுமோ என்ற அச்சமும் கூடவே வரும். பாரில் பெயர் கேட்பதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவள், யாரையும் அறியாதவள், ஒரு பீரை வாங்கி வைத்துக்கொண்டு பூல் மேசையில் யார் ஆடுகிறார்கள் என்று பார்த்தபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கலாம். பீரின் விலையில் பாதிக்கு மேல் அந்த நாற்காலிக்கான வாடகை. இப்படிப் பழகியவர்கள் சாஃப்ட்பால் அணிகள் அமைத்ததும் உண்டு. ஸ்ட்ரைக்கரின் பெயரில் அந்த ஊரில் இன்று ஒரு விளையாட்டு மைதானமே இருக்கிறது. மதுவை விற்றால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்ற நிலை அவர்கள் விரும்பி ஏற்றதல்ல. வேறு எந்தத் தொழிலும் அந்த நேரத்தில் அந்தக் கதவைத் திறந்து வைக்கவில்லை.

மாட்ஸ் 1989-இல் மூடியது. 1997-இல் மிஷன் பகுதியில் லைலா தர்க்கீல்ட் ‘லெக்சிங்டன் கிளப்’பைத் திறந்தார்; அது 2015 வரை ஓடியது. கூட்டமே இல்லாமல் ஈயோட்டிய கடையல்ல அது. தொழில்நுட்ப நிறுவனங்களின் சம்பளம் ஊரின் வாடகையை ஏற்றியது. வாடிக்கையாளர்கள் அந்தப் பேட்டையை விட்டே வெளியேறினார்கள். கடையின் வாடகையும் எகிறியது. கணக்கு எளிது. 1979-இல் முழுநேர வேலையில் இருந்த அமெரிக்கப் பெண் ஆணின் டாலருக்கு 62 சென்ட் வாங்கினாள். இன்றும் அது 80 சென்ட்டைச் சற்றே தாண்டித்தான் நிற்கிறது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் வீட்டில் இரண்டு பெரிய சம்பளம், இரண்டு பெண்கள் வாழும் வீட்டில் இரண்டு சின்ன சம்பளம். வாடகை ஏறும் ஊரில் முதலில் பெட்டியைக் கட்டுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

செல்போன் செயலியில் துணை தேடிக்கொள்ளலாமே என்பார்கள். தேடலாம். ஆனால் செயலி இரண்டு பேரைச் சந்திக்க வைக்கும். எழுபது வயதுக்காரியையும் இருபது வயதுக்காரியையும் ஒரே மேசையில் உட்கார வைக்காது. மேலும் தேவை செத்துவிட்டது என்றால் 2020க்குப் பிறகு எண்ணிக்கை ஏறியிருக்கக் கூடாது. ஏறியது, முப்பதைத் தாண்டியது. புதியவற்றில் கவனிக்கத்தக்கது போர்ட்லண்டில் ஜென்னி நுயென் 2022-இல் திறந்த ‘ஸ்போர்ட்ஸ் பிரா’. பெண்கள் விளையாட்டை மட்டுமே டிவியில் காட்டும் பார் அது. லெஸ்பியன் பார் என்று பலகை மாட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ரோஸும் ஸ்ட்ரீட்டும் தங்கள் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். அதைத் தொடங்குவதற்கு நுயென் இணையத்தில் பொதுமக்களிடம் 48,000 டாலர் கேட்டார். ஒரு லட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தது.