செம்பு தேங்கும் கல்லீரல்

வளரும் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்றால் வீட்டில் கீழாநெல்லியைத் தேடுவார்கள், மருத்துவமனையில் ஹெபடைட்டிஸ் வைரஸைத் தேடுவார்கள். வைரஸ் இல்லை என்று தெரிந்த பிறகும் கல்லீரல் சரியாகவில்லையென்றால், தவறாமல் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு: செருலோபிளாஸ்மின். 1912-இல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்த பரம்பரை நோய்க்கு அது முதல் தடயம். ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது என்பதால் வில்சன் நோய் யாருடைய நினைவுக்கும் சட்டென்று வருவதில்லை. ஆனால் வேளையோடு கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே கட்டுப்படும் நோய் இது. தவறவிட்டால் கல்லீரல் சுருங்கிப்போகும்.

சாப்பாட்டில் சேரும் செம்பில் தேவைக்கு மிஞ்சியதைப் பித்தநீரில் தள்ளிவிடுவது கல்லீரலின் வேலை. அதற்கான ஏடிபி7பி மரபணு 1993-இல் அடையாளம் காணப்பட்டது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது பழுதாக வந்துசேர்ந்தால் செம்பு கல்லீரலில் தேங்கி, பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மினிலும் செம்பு ஏறுவதில்லை. செம்பு ஏறாத புரதம் சீக்கிரமே சிதைந்துவிடுகிறது. இதனால்தான் உடம்பில் செம்பு மண்டிக்கிடந்தாலும் ரத்த அறிக்கையில் மொத்தச் செம்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்து நோய் இல்லை என்று முடிவுகட்டுவது ஆபத்து.

செருலோபிளாஸ்மினை நம்ப முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. 100 மில்லி சீரத்தில் 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சந்தேகம், 10-க்குக் கீழே போனால் வலுவான சந்தேகம். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அளவு கூடி, நோயை மறைத்துவிடும். பழுதான மரபணு ஒன்று மட்டும் உள்ள, நோயில்லாத சிலருக்கோ அது குறைந்திருக்கும். அதற்காகப் பரிசோதனையையே ஒதுக்குவது சரியல்ல. தனியாகப் படிக்காமல் மற்றவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம், மரபணு முடிவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை, லைப்சிக் நகரக் கூட்டம் ஒன்றிலிருந்து 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. புரதத்தோடு இறுகப் பிணையாத செம்பு, மொத்தச் செம்பில் எத்தனை விழுக்காடு என்று அளக்கும் புதிய பரிசோதனை இன்னும் துல்லியமானது. எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை.

நேரே மரபணுவையே பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். இந்த ஒரு மரபணுவில் மட்டும் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் பதிவாகியுள்ளன. சிலவற்றால் நோய் வருமா என்றே தெளிவில்லை. அப்போது தீர்ப்புச் சொல்ல ரத்தமும் சிறுநீரும்தான் வேண்டியிருக்கின்றன. மரபணுச் சோதனை பெரிதும் உதவுவது குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியான பிறகுதான். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கத்தில் இந்தப் பழுது இரு பக்கமிருந்தும் சேர இடம் அதிகம். 1956-இல் ஜான் வால்ஷ் பெனிசிலமைனைக் கொண்டுவந்த நாளிலிருந்து இதற்கு மருந்து இருக்கிறது. ஆகவே அண்ணனுக்கு நோய் என்று தெரிந்த வாரமே, ஓடியாடித் திரியும் தங்கைக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.