மூலை மூட்டும் விதியின் பொருளும்: அமுக்கக் கலன் விதிக்கோவை பற்றிய ஒரு விளக்கம்

பொறியியல் விதிக்கோவைகள் பெரும்பாலும் சூத்திரங்களின் தொகுதிகளாகவே வாசிக்கப்படுகின்றன. அவை தோன்றிய வரலாற்றை மறந்து வாசிப்போமாயின், விதியின் எழுத்தைப் பின்பற்றிக்கொண்டே அதன் நோக்கத்தைக் கைவிட நேரும். அமுக்கக் கலன்களின் மூலை மூட்டு இதற்குத் தக்க உதாரணமாகும்.

1905 மார்ச் 20ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், புறொக்ரன் நகரின் குறோவர் சப்பாத்துத் தொழிற்சாலையிற் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். ஒன்றின்மேல் ஒன்று படிந்த தகடுகளின் மூட்டினுள், கண்ணுக்குப் புலப்படாதிருந்த வெடிப்பே காரணமெனப் பின்னர் கருதப்பட்டது. இத்தகைய விபத்துக்களின் விளைவாகவே அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் தனது முதலாவது கொதிகலன் விதிக்கோவையின் 1914ஆம் ஆண்டுப் பதிப்பை ஆக்கியது. நெருப்புப் படாத அமுக்கக் கலன்களுக்குரிய எட்டாம் பிரிவு 1925இல் வெளிவந்தது. ஆகவே விதிக்கோவையின் ஒவ்வொரு வரியின் பின்னாலும் தொழிலாளரின் உயிர் நிற்கின்றது எனக் கூறுதல் மிகையாகாது.

உருளையான சுவரின் முனையைத் தட்டையான தகட்டினால் மூடி, இரண்டையும் செங்கோணத்தில் உருக்கி ஒட்டும்போது மூலை மூட்டு உண்டாகின்றது. அமுக்கம் ஏறச் சுவர் ஆரைத்திசையில் விரிய முயல்கின்றது. தகடு வெளிநோக்கி வளைய முயல்கின்றது. இரண்டையும் பிணைத்து நிற்கும் மூட்டே அவ்விரு அசைவுகளையும் தடுத்து, வளைவுத் தகைப்பைத் தாங்கவேண்டியதாகின்றது.

இங்கே வாசிப்பவர் பலர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. எட்டாம் பிரிவின் யூஜி-34 என்னும் பந்தி தட்டை மூடியின் தடிப்பைத் தருகின்றது: மூடியின் விட்டத்தை, ஒரு குணகத்தையும் அமுக்கத்தையும் பெருக்கி, அனுமதித் தகைப்பினதும் மூட்டுத் திறனினதும் பெருக்கத்தால் வகுத்துப் பெறும் ஈவின் வர்க்கமூலத்தாற் பெருக்கவேண்டும். இச்சூத்திரத்தில் வரும் ‘மூட்டுத் திறன்’ மூலை மூட்டினுடையதன்று. மூடித் தகட்டிலேயே உள்ள ஒட்டினுடையதாகும். ஒட்டில்லாத ஒற்றைத் தகடாயின் அதன் பெறுமானம் 1 ஆகும்.

ஓர் உதாரணத்தை எடுப்போம். விட்டம் 600 மி.மீ., அமுக்கம் 1 மெகாபாஸ்கல், அனுமதித் தகைப்பு 138 மெகாபாஸ்கல், சுவரின் தடிப்பு 6 மி.மீ. என்க. சுவருக்கு உண்மையில் வேண்டிய தடிப்பு ஏறத்தாழ 2.2 மி.மீ. மட்டுமே. இவ்விரண்டின் விகிதத்தை 0.33 ஆற் பெருக்கினால் 0.12 வரும், ஆனால் குணகம் 0.20க்குக் குறையலாகாது என்பது விதி. எனவே மூடி ஏறத்தாழ 23 மி.மீ. ஆகும். மூலை மூட்டைப் பலவீனமெனக் கருதித் திறனை 0.7 எனக் கொள்பவர் 27 மி.மீ.க்கு மேற்பட்ட தகட்டைப் போடுவார். உருக்கு வீணாகும், மூட்டோ முன்னிருந்தபடியே இருக்கும்!

மூட்டைக் காப்பவை வேறு விதிகளாகும். முதலாவது, மேற்கூறிய விகிதம் 1க்குக் குறைவாக எடுக்கப்படின், சுவரின் தடிப்பு மூடியின் உட்புறத்திலிருந்து ஒரு குறித்த தூரம்வரை குறையாதிருத்தல் வேண்டும். நமது உதாரணத்தில் அது 120 மி.மீ. இரண்டாவது, யூடபிள்யூ-13இன்படி மூட்டின் இரு ஒட்டு அளவுகளின் கூட்டுத்தொகை சுவர்த் தடிப்பின் இருமடங்கிற்குக் குறையலாகாது. அதாவது இங்கு 12 மி.மீ. மரையாணி பூட்டும் விளிம்பு வளையங்களுக்கு அது மும்மடங்காகும். மூன்றாவது, நச்சுத்தன்மையால் உயிராபத்து விளைக்கும் பொருள்களைக் கொள்ளும் கலனாயின், ஒட்டு முழுத் தடிப்பையும் ஊடுருவி நிற்றல் வேண்டும்.

நான்காவது விதி பலராற் புறக்கணிக்கப்படுவது. உருட்டிய தகட்டினுள்ளே கந்தகச் சேர்வைகள் நசுங்கிப் படைபடையாகக் கிடக்கலாம். ஒட்டு குளிர்ந்து சுருங்குகையில் தகட்டைத் தடிப்பின் திசையில் இழுப்பதனால், அப்படைகள் பிரிந்து கிழியக்கூடும். இதனாலேயே 13 மி.மீ.க்கு மேற்பட்ட தட்டைத் தகட்டின் ஒட்டுமுகத்தைக் காந்தத்துகள் முறையாலோ ஊடுருவு திரவத்தாலோ ஒட்டுமுன் சோதிக்குமாறு யூஜி-93 பணிக்கின்றது. சில நிலைமைகளில் ஒட்டியபின் வெளிவிளிம்பையும் சோதித்தல் வேண்டும். நமது 23 மி.மீ. தகடும் இவ்விதிக்குட்பட்டதே.

புறொக்ரனிற் கொன்றது மறைந்திருந்த வெடிப்பு. இங்கே தேடப்படுவதும் மறைந்திருக்கும் வெடிப்பே. தகட்டின் தடிப்பைக் கூட்டுதல் இச்சோதனைக்கு ஈடாகாது. ஆயினும், கூட்டிய தடிப்பு வரைபடத்திலே தெரியும். செய்யாது விட்ட சோதனை தெரியாது. நேரமும் செலவும் மிச்சம் பிடிக்க முற்படுமிடத்து முதலில் விடப்படுவது எது என்பதைக் கூறவேண்டியதில்லை.

ஐயம் எழும்போது சங்கத்தின் குழுவுக்கு எழுத்தில் வினா விடுத்து விளக்கம் பெறலாம். ஆயின் அவ்விளக்கம் விதியின் பொருளை மட்டுமே கூறும். ஒருவரது வடிவமைப்பை அங்கீகரிக்காது. விதிக்கோவை பொறியியலாளரின் அறிவுக்கும் தீர்ப்புக்கும் பதிலீடன்று. கலனை வரைபவர் அதனருகே நிற்பதில்லை. அதனை இயக்கும் தொழிலாளியே நாள்தோறும் நிற்கின்றான். விதியை அவனது இடத்தில் நின்று வாசிப்பதே சரியான வாசிப்பு என்பது நமது துணிபு.