மாடு போச்சு, என்ஜின் வந்தது! கிணற்றுக்குள் காத்திருக்கும் எமன்

வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றி ஒரு காலத்தில் விடியுமுன்னே கமலைச் சத்தம் கேட்கும். ஜோடி மாடு வடத்தை இழுக்க, சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். மாடு களைத்தால் தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான்!

மாடு போய் ஆயில் என்ஜின் வந்தது. கரண்டு மோட்டாரும் வந்தது.

இலவசக் கரண்டு

பம்பு செட்டு கரண்டு சும்மா வரவில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் கோவை வட்டார விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு. 3 விவசாயிகள் பலி. 1990-ல் தமிழ்நாடு முழுக்க விவசாயக் கரண்டு இலவசமானது.

ஆனால் இணைப்பு கிடைக்க வேண்டுமே! 2021-ல் ஒரே மூச்சில் 1 லட்சம் இணைப்பு தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. காத்திருந்தோர் வரிசை எவ்வளவு நீளம் என்பதற்கு அதுவே சாட்சி. இணைப்பு இல்லாதவருக்கு டீசல் என்ஜின்தான் துணை.

25 அடி கணக்கு

கரையில் வைக்கும் பம்புக்கு ஓர் எல்லை உண்டு. குழாய்க்குள் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம். கணக்குப்படி 34 அடி. நடைமுறையில் 25 அடியைத் தாண்டுவது கஷ்டம். குதிரை சக்தியைக் கூட்டினாலும் பலனில்லை.

கோடையில் தண்ணீர் இன்னும் கீழே போய்விடும். உடனே கயிறு கட்டி என்ஜினையே கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். வினையே அங்குதான்!

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. நிறமில்லை, வாடையில்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய் என்ஜின் என்றால் இன்னும் மோசம். விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும் என்பது பழைய நம்பிக்கை. இந்த வாயுவில் விளக்கு அணையாமல் எரியும், ஆள்தான் சாய்வார். போனவரைக் காணோமே என்று அண்ணன் இறங்க, அவரைத் தேடி மகன் இறங்க, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிணம் விழும்!

வழி என்ன?

நீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டாரில் புகையே கிடையாது. கரண்டு இணைப்பு இல்லாதவர்கள் அதைச் சோலாரில் ஓட்டலாம். 2019-ல் வந்த குசும் திட்டத்தில் மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். ராத்திரியில் ஓடாதுதான். ஆனால் மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்?

கிணற்றில் யாராவது மயங்கிக் கிடந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் போன் போடுங்கள். அவர்கள் மூச்சுக் கருவியோடு வருவார்கள்.

பயிர் கருகினால் அடுத்த போகம் பார்க்கலாம். ஆள் போனால்?