சொல்லில் இருந்து பணியோட்டம்

ஓர் அலுவலகத்துக்குப் புதிய அச்சுப்பொறி தேவைப்படுகிறது. ஊழியர் கோரிக்கையை எழுதுகிறார். மேலாளர் அதனைப் பரிசீலித்து ஒப்புதல் அளிக்கிறார். நிதிப் பிரிவு பணம் செலுத்துகிறது. விடுப்பு எடுத்தல், பயணச் செலவைத் திரும்பப் பெறுதல், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுதல் போன்ற பல வேலைகளும் இவ்வாறே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்று நிறைவு பெறுகின்றன. இந்த வரிசைமுறையை ஒப்புதல் பணியோட்டம் என்பர்.

ஒரு சிறு வேலைக்கு இத்தனை கையெழுத்துகள் எதற்கு எனச் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அதற்கான விடையைச் சிங்கப்பூரோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு தருகிறது. 1762ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்ட பேரிங்ஸ் வங்கி, 1995ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நொடித்துப்போனது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் பணியாற்றிய நிக் லீசன், பங்குச்சந்தை சார்ந்த வணிகத்தில் ஈடுபடும் பொறுப்பையும் அவ்வணிகத்தின் கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பையும் ஒருசேர வகித்தார். ஆகவே, தம்மால் ஏற்பட்ட இழப்புகளைத் தனிக் கணக்கு ஒன்றில் மறைத்துவைக்க அவரால் முடிந்தது. இழப்பு 800 மில்லியன் பவுண்டைத் தாண்டியது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருந்த அவ்வங்கி, இறுதியில் ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. ஒரு வேலையைச் செய்பவரே அதனைச் சரிபார்ப்பவராகவும் இருக்கக்கூடாது என்பது ஒப்புதல் பணியோட்டத்தின் அடிப்படை விதியாகும்.

பணிகளின் வரிசையைப் படமாக வரையும் வழக்கம் நூறாண்டுப் பழைமை உடையது. ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதியர் 1921ஆம் ஆண்டு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் இத்தகைய செயல்முறை வரைபடத்தை அறிமுகப்படுத்தினர். 2004ஆம் ஆண்டு, வணிகச் செயல்முறைகளை வரைவதற்கெனப் பொதுவான குறியீட்டு முறை ஒன்று வெளியிடப்பட்டது. அம்முறையில், வட்டம் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும். செவ்வகம் செய்யவேண்டிய வேலையைக் காட்டும். சாய்சதுரம் பாதை பிரியும் இடத்தைக் காட்டும்.

இத்தகைய வரைபடத்தை உருவாக்குவதற்கு அலுவலர்களைப் பலமுறை சந்தித்துப் பேசி, வரைந்து, திருத்த வேண்டியிருந்தது. அதைக் கணினியில் இயங்கச் செய்ய நிரலாளரின் உதவியும் தேவைப்பட்டது. செயற்கை நுண்ணறிவு இன்று இவ்வேலையைப் பெரிதும் சுருக்கியுள்ளது. வேண்டியதை வழக்கமான நடையில் எழுதித் தந்தால் போதும். பெருமளவு எழுத்துகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மொழி மாதிரி, யார் செய்கிறார், எதைச் செய்கிறார், எந்த நிபந்தனையில் செய்கிறார் என்னும் மூன்றையும் அவ்விளக்கத்திலிருந்து பிரித்தெடுக்கிறது. பின்னர், அவற்றை வரிசைப்படுத்திக் கணினிக்குப் புரியும் வடிவில் எழுதுகிறது. சிறிது நேரத்தில் வரைபடம் திரையில் தோன்றிவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனத்தின் அலுவலர் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்: “1,000 வெள்ளிக்குக் குறைவான பொருள்களை வாங்கக் கிளை மேலாளரின் ஒப்புதல் போதும். 1,000 வெள்ளிக்கு மேற்பட்டால் நிதித்துறைத் தலைவரும் ஒப்புதல் அளிக்க வேண்டும்.” இதனைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு ஒரு சாய்சதுரத்தையும் அதிலிருந்து பிரியும் இரண்டு பாதைகளையும் வரைந்து தரும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஆயினும், அவ்விளக்கத்தை ஊன்றிப் படித்தால் சில கேள்விகள் எழும். பொருளின் விலை சரியாக 1,000 வெள்ளியாக இருந்தால் கோரிக்கை எந்தப் பாதையில் செல்லும்? மேலாளர் விடுப்பில் இருந்தால் யார் ஒப்புதல் அளிப்பார்? பொருளைக் கேட்பவரே மேலாளராக இருந்தால், தம் கோரிக்கைக்குத் தாமே ஒப்புதல் அளிக்கலாமா? 1,800 வெள்ளிப் பொருள்களை 900 வெள்ளி வீதம் இரண்டு கோரிக்கைகளாகப் பிரித்து ஒருவர் அனுப்பினால் அதனை எவ்வாறு கண்டறிவது? இவற்றுள் ஒன்றுக்கும் அவ்விளக்கத்தில் விடை இல்லை.

சொல்லப்படாத இடங்களைச் செயற்கை நுண்ணறிவு அப்படியே விட்டுவிடலாம். அல்லது வேறு இடங்களில் வழக்கமாகக் காணப்படும் விதிகளைக் கொண்டு நிரப்பிவிடலாம். மூன்று நாளில் பதில் வராவிட்டால் கோரிக்கை தானாகவே ஏற்கப்படும் என்னும் விதியை அது சேர்த்துவிட்டால், யாரும் பார்க்காமலேயே பணம் வெளியேறக்கூடும். நேர்த்தியான வரைபடம் பிழையற்ற வரைபடமாகத்தான் இருக்கும் என்று கருதிவிட முடியாது.

எனவே, பணியோட்டத்தைப் பயன்படுத்தத் தொடங்குமுன் அதனைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். 999, 1,000, 1,001 வெள்ளி எனச் சில மாதிரிக் கோரிக்கைகளை அனுப்பி, அவை எவ்வழியே செல்கின்றன என்பதைக் கவனிக்கலாம். மறுக்கப்பட்ட கோரிக்கை யாரிடம் திரும்புகிறது என்பதையும் பார்க்கலாம். அன்றாடம் அவ்வேலையைச் செய்யும் ஊழியரிடம் வரைபடத்தைக் காட்டினால், பிறர் கண்ணில் படாத குறைகளை அவர் எளிதில் சுட்டிக்காட்டுவார்.

வரைவதற்கான உழைப்பைச் செயற்கை நுண்ணறிவு குறைத்துவிட்டது. ஆனால், ஒரு வேலையை ஐயமின்றி விளக்கும் மொழித்திறனுக்கான தேவை குறையவில்லை. ‘குறைவான’ என்பதற்கும் ‘மிகாத’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து எழுதுபவரின் பணியோட்டத்தில் அந்த 1,000 வெள்ளிக் கோரிக்கை வழிதெரியாமல் நிற்காது. ஒப்புதல் அளித்தவர் யார் என்று கேள்வி எழும்போது, அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவரும் மனிதரே.